எழுவாய் எங்கே போச்சு?

இலக்கணம் என்றாலே நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது. பள்ளிக்கூடத்தில் அது சூத்திரமாக வருகிறது. ஒப்பிக்காவிட்டால் பிரம்பாக வருகிறது. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கும் அப்படித்தான் வந்தது. சேரியில் நடத்தும் இரவுப் பள்ளியில் அதை ஆட்களாக்கிக் கதை சொல்கிறேன்.

கதையில் மூன்று பேர். எழுவாய், காரியம் செய்கிறவன். பயனிலை, அவன் செய்த காரியம். செயப்படுபொருள், அதை வாங்கிக்கிற ஆள். முதுகில் 'ஐ' என்றொரு மூட்டை. 'பண்ணையார் தாத்தாவை அடித்தார்.' மூட்டை யார் முதுகில் என்று கேட்டால் சின்னதுகள்கூட "தாத்தா!" என்று கத்தும்.

அடுத்த நாள் கதையில் தாத்தா மூட்டையை இறக்கிவிட்டு எழுவாயின் நாற்காலியில் உட்காருகிறார். பண்ணையார் 'ஆல்' என்கிற தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறார்: 'தாத்தா பண்ணையாரால் அடிக்கப்பட்டார்.' அப்புறம் தூணையும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்: 'தாத்தா அடிக்கப்பட்டார்.' இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. செயப்பாட்டு வினை, முழு மார்க்.

"அப்ப அடிச்சது யாருக்கா? நாற்காலியக் குடுத்துட்டு ஓடிட்டானே!" என்றாள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி.

அன்றிலிருந்து பழைய பேப்பர்களை வைத்துக்கொண்டு எழுவாய் தேடுகிறோம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி: 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். 2022 டிசம்பர், வேங்கைவயல்: தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. வெண்மணியில் கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. வேங்கைவயலில் 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றம் சாட்டியதோ, அந்தத் தண்ணீரைக் குடித்த சனத்திலேயே மூன்று பேர்மீது. அந்த ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. மூட்டை சுமந்தவனையே எழுவாய் நாற்காலியில் உட்காரவைப்பது இப்படித்தான்.

செயப்பாட்டு வினையைக் கட்டுகிற சொல் 'படு'. துன்பப்படு, பாடுபடு என்பதிலும் அதே 'படு'தான். நம் சனம் பட்டதெல்லாம் அதற்குள் கிடக்கிறது. படுத்தியவன் பெயர்தான் இல்லை.

மார்க்குக்காக மட்டும் நான் இலக்கணம் சொல்லித்தரவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி, வாயால் சொன்ன புகாரை எழுதிக்கொள்ளும் போலீஸ், கையெழுத்து வாங்குமுன் அதைப் படித்துக்காட்டியாக வேண்டும். எத்தனை ஸ்டேஷனில் படிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நாளைக்கு நம் பிள்ளை அப்பனோடு அங்கே போய் நிற்கும். 'தாக்கப்பட்டார்' என்று மொட்டையாக எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினால், பேனாவைத் தொடாமல் கேட்கணும்: "எழுவாய் எங்கே சார்? அதை எழுதுங்க."