சவுத் சர்க்குலரின் காற்று

வூல்விச் படகுத்துறையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில் தொடங்குகிறது ஏ205. தேம்ஸைக் கடக்கும் அந்தப் படகுக்கு 1889-இலிருந்தே கட்டணம் கிடையாது. 2025 ஏப்ரலில் சற்று மேற்கே சில்வர்டவுன் சுரங்கப்பாதை திறந்தபோது, அதற்கும் பக்கத்திலுள்ள பிளாக்வால் சுரங்கத்துக்கும் சேர்த்தே கட்டணம் போட்டார்கள். படகு மட்டும் இலவசமாகவே ஓடுகிறது. இலவசம் என்றால் வரிசை இல்லாமல் இருக்குமா?

வரிசையில் நிற்கும் வண்டிகளின் புகைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் உடனே வராது. படகை ஓட்டுவது லண்டன் போக்குவரத்து ஆணையமான டி.எஃப்.எல். சாலையும் அதன் கையில்தான். இரண்டு பக்கமும் இருக்கும் வீடுகள், பள்ளிகள், அங்கே மூச்சு விடுகிறவர்கள், இவர்கள் எல்லாரும் கிரீனிச் கவுன்சிலின் கணக்கு. நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுகிறவருக்கு 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி கவுன்சில் 20 பவுண்டு அபராதம் போடலாம். அதுவும் அதிகாரி நேரில் வந்து அணைக்கச் சொல்லி, அவர் முடியாது என்று மறுத்தால்தான். அதிகாரியைக் கண்டதும் சாவியைத் திருப்பிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நெரிசலில் மாட்டி நிற்கும் வண்டிக்கு இந்த விதியே பொருந்தாது.

ஏ205 என்றால் லண்டன்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. சவுத் சர்க்குலர் என்றால்தான் தெரியும். பெயரைக் கேட்டு அகலமான வட்டச்சாலை என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். 1921-இல் எல்தம் பக்கம் நல்ல அகலத்தில்தான் வேலையைத் தொடங்கினார்கள். பிறகு பணமும் மனமும் இல்லாமல் இழுத்தடித்து, 1930-களின் கடைசியில் இருக்கிற தெருக்களையே ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டு, பலகை நட்டு, வேலையை முடித்துக்கொண்டார்கள். சுமார் 33 கிலோமீட்டர். ஏழு கவுன்சில் எல்லைகள். வலப்பக்கம் திரும்பி, இடப்பக்கம் திரும்பி, கடைவீதிக்குள் நுழைந்து, பூங்காவை உரசிக்கொண்டு போகும். முழுச் சாலைக்கும் ஒரே பஸ் கிடையாது. லூவிஷம் சிவன் கோவிலில் கும்பிட்டுவிட்டு டூட்டிங் கடைகளுக்குக் காரில் போகும் தமிழர்கள் இதன் ஒரு துண்டில் ஊர்ந்து போயிருப்பார்கள், திட்டியும் இருப்பார்கள்.

எல்தமை ஒட்டிய வெஸ்ட்ஹார்ன் அவென்யூவில் சாலை அகலமாக, முதல் திட்டம் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுவது போல இருக்கிறது. இங்கே கிரீனிச் கவுன்சில் தானியங்கிக் கருவி ஒன்றை வைத்திருக்கிறது. ஓரமாக நிற்கும் பெட்டி அறை; கூரையில் காற்றை உறிஞ்சும் குழல். உள்ளே இருக்கும் எந்திரம் இரவும் பகலும் ஓடி, மணிக்கு மணி கணக்குச் சொல்லும். இப்படிப்பட்ட கருவிகளைத் தெருவுக்குத் தெரு வைக்கக் கட்டுப்படியாகாது. மற்ற இடங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்தான்.

அந்தக் குழாயைப் பார்க்க வேண்டுமானால் விளக்குக் கம்பத்தைத் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டும். எட்டாத உயரத்தில், ஏழு சென்டிமீட்டர் நீளத்தில், விரல் பருமனில், நிறமில்லாத ஒன்று செங்குத்தாகத் தொங்கும். மேல்முனை மூடியிருக்கும், மூடிக்குள் டிரைஎத்தனாலமைன் தடவிய எஃகு வலைத் துண்டுகள். கீழ்முனை திறந்தபடி இருக்கும். மின்சாரமும் வேண்டாம், பம்ப்பும் வேண்டாம். காற்றிலுள்ள நைட்ரஜன் டைஆக்சைடு தானாக மேலேறி வலையில் ஒட்டிக்கொள்ளும். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து, பழையதைக் கழற்றி மூடிபோட்டு, புதியதை மாட்டிவிட்டுப் போவார். ஆய்வகத்தில் ரசாயனம் ஊற்றியதும் திரவம் இளஞ்சிவப்பாகும். சிவப்பு கூடினால் மாசும் கூடுதல். நடுவில் சிலந்தி உள்ளே குடியேறலாம், யாராவது பிடுங்கி எறியலாம். அந்த மாதக் கணக்கு அதோடு போயிற்று. குழாய் சொல்வதை அப்படியே நம்புவதும் இல்லை. தானியங்கிக் கருவியின் பக்கத்திலேயே சில குழாய்களைத் தொங்கவிட்டு, இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, மற்ற குழாய்களின் கணக்கையும் அதன்படி திருத்துவார்கள்.

இத்தனை பாடும் 1995-இல் வந்த சுற்றுச்சூழல் சட்டத்துக்காக. தன் எல்லைக்குள் காற்று எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு கவுன்சிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வரம்பு மீறிய பகுதியைக் காற்றுத்தர மேலாண்மைப் பகுதி என்று அறிவிக்க வேண்டும். செயல்திட்டம் போட வேண்டும். நைட்ரஜன் டைஆக்சைடுக்கு ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். சட்டத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. வரம்பை எட்டும் முயற்சியில் கவுன்சில் தன் அதிகாரங்களைப் பயன்படுத்த வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. எட்டியே ஆக வேண்டும் என்று இல்லை. 2021-இல் திருத்தி இறுக்கினார்கள். இறுக்கிய பிறகும் ஏ205 கவுன்சிலின் கைக்கு வரவில்லை.

எல்தமைத் தாண்டி லூவிஷம் எல்லைக்குள் நுழைந்ததும் சாலை சுருங்குகிறது. செயின்ட் மில்ட்ரெட்ஸ் ரோடு, பிரவுன்ஹில் ரோடு என்று பெயர் மாறிக்கொண்டே போகிறது. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். வாசலுக்கும் வண்டிக்கும் நடுவில் சின்னத் தோட்டம், நடைபாதை, அவ்வளவுதான். எலா அடூ கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி வாழ்ந்த வீடு இந்தச் சாலையிலிருந்து 30 மீட்டருக்குள். கடுமையான ஆஸ்துமா. சுமார் மூன்று ஆண்டுகளில் இருபத்தைந்து முறைக்கும் மேல் ஆஸ்பத்திரி. 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்துபோனாள். 2014-இல் நடந்த முதல் மரண விசாரணை, சுவாசம் நின்றதால் மரணம் என்று முடித்துக்கொண்டது. காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

பேராசிரியர் ஸ்டீஃபன் ஹோல்கேட் 2018-இல் செய்தது ஒரு எளிய காரியம். எலா ஆஸ்பத்திரிக்குப் போன தேதிகளை ஒரு பக்கம் வைத்தார். கேட்ஃபர்டில் இருந்த கவுன்சிலின் கருவி காட்டிய மாசுக் கணக்கை இன்னொரு பக்கம் வைத்தார். மாசு எகிறிய நாட்களோடு அவளுக்கு மூச்சு முட்டிய நாட்கள் பொருந்தி வந்தன. உயர் நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 16 அன்று மரண விசாரணை அதிகாரி ஃபிலிப் பார்லோ, மரணத்துக்கான காரணங்களில் காற்று மாசையும் எழுதினார். பிரிட்டனில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல் தடவை.

அந்தத் தீர்ப்பில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. கருவி இருந்தது. அது ஓடிக்கொண்டும் இருந்தது. கணக்கு ஒவ்வொரு மணி நேரமும் வந்துகொண்டிருந்தது. ஆனால் இந்தக் காற்றால் பிள்ளைக்கு ஆபத்து என்று தாய் ரோசமண்டிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருப்பார் என்று பார்லோ குறிப்பிட்டார். 2021-இல் அவர் அனுப்பிய தடுப்பு அறிக்கையிலும் மாசு பற்றிய தகவல் மக்களுக்கு எட்டுவதில்லை, மருத்துவர்களும் நோயாளிகளிடம் பேசுவதில்லை என்று இரண்டையும் எழுதினார். லண்டன் கவுன்சில்கள் சேர்ந்து நடத்தும் ஏர்டெக்ஸ்ட் என்ற இலவசச் சேவை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. மாசு கூடும் நாளுக்கு முன்பே போனில் செய்தி அனுப்புவார்கள். அப்படி ஒன்று இருப்பது தெரிந்தவர்களுக்கு மட்டும்.

கேட்ஃபர்டில் லூவிஷம் கவுன்சிலின் சொந்த அலுவலகமே இந்தச் சாலையின் மேல்தான் இருக்கிறது. லாரன்ஸ் ஹவுஸ் என்ற கட்டடம். காற்றுத்தர அறிக்கை எழுதுகிறவர் ஜன்னலைத் திறந்தால் அறிக்கையின் பொருளே உள்ளே வந்துவிடும். சாலையைக் கட்டடத்தின் பின்பக்கமாகத் திருப்பிவிடும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. எதிரே கடைவளாக வாசலின் மேல் ஒரு பெரிய கறுப்புப் பூனை பொம்மை ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிறகு ஃபாரஸ்ட் ஹில் ஏற்றம், ஹார்னிமன் அருங்காட்சியகம், டல்விச்சின் விளையாட்டு மைதானங்கள். சவுத்வர்க் எல்லையில் இருக்கும் இந்த டல்விச் துண்டில் மட்டும் மூச்சு கொஞ்சம் இலகுவாகும். வீடுகள் விலகி நிற்பதால் புகை தேங்காது. ஒரே சாலை, ஒரே வண்டிகள்தான். யார் எவ்வளவு சுவாசிக்கிறார்கள் என்பதைச் சாலைக்கும் சன்னலுக்கும் உள்ள தூரம் முடிவு செய்கிறது. அந்தத் தூரத்துக்கு லண்டனில் நல்ல விலை உண்டு.

2021 அக்டோபர் 25 முதல் இந்தச் சாலை ஒரு வேலியாகவும் ஆனது. புகைத் தரத்தை எட்டாத பழைய வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு வசூலிக்கும் யூலெஸ் மண்டலத்தை மேயர் சாதிக் கான் வடக்கு, தெற்கு சர்க்குலர்கள் வரை விரித்தார். சர்க்குலர் சாலைகள் அன்று மண்டலத்துக்குள் இல்லை, அவைதான் எல்லைக்கோடாக இருந்தன. எலா வாழ்ந்த தெருவுக்குப் பக்கத்துச் சாலையில் பழைய வேன் காசில்லாமல் ஓடலாம், வடக்கே ஒரு சந்துக்குள் திரும்பினால் கட்டணம். 2023 ஆகஸ்ட் 29-இல் மண்டலம் லண்டன் முழுவதும் விரியும் வரை இதுதான் நிலைமை. அந்த விரிவாக்கத்தைத் தடுக்க பெக்ஸ்லி, பிராம்லி, ஹாரோ, ஹில்லிங்டன் ஆகிய நான்கு லண்டன் கவுன்சில்களும் சர்ரே கவுண்டி கவுன்சிலும் உயர் நீதிமன்றம் ஏறித் தோற்றன. தத்தம் எல்லையில் காற்றை அளக்கும் கடமை இந்த நான்கு லண்டன் கவுன்சில்களுக்கும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. பழைய வேனை வைத்துப் பிழைக்கிறவனின் கோபமும் பொய்யில்லை.

டல்ஸ் ஹில் வந்தால் லாம்பெத். இந்தக் கவுன்சிலின் பிரிக்ஸ்டன் ரோடு கருவி ஒரு காலத்தில் நாட்டுக்கே பிரபலம். மணிச் சராசரி 200 மைக்ரோகிராமைத் தாண்டுவதற்கு ஆண்டுக்கு 18 மணி நேரம்தான் அனுமதி. 2017-இல் அந்தப் பதினெட்டும் ஜனவரி 5-க்குள் தீர்ந்தன. கவுன்சில்கள் தாங்கள் நேரடியாக ஆளும் சின்னத் தெருக்களில் நிறைய செய்துபார்த்தன: பள்ளி விடும் நேரத்தில் தெருவை அடைப்பது, குறுக்கே புகும் வண்டிகளைக் கேமரா வைத்துத் தடுப்பது. உள்தெருக்கள் அமைதியாகின்றன. ஆனால் தடுக்கப்பட்ட வண்டி ஆவியாகிவிடாது, எங்கள் வாசலுக்குத்தான் வரும் என்பது பெரிய சாலைக்காரர்களின் புகார். ஸ்ட்ரெட்டம் வெல்ஸ் பகுதியில் 2023 இலையுதிர்காலத்தில் லாம்பெத் போட்ட தடுப்பால் பக்கத்துப் பெரிய சாலையில் பஸ்கள் ஊர்ந்துகூடப் போக முடியாத நிலை. சில மாதங்களிலேயே, 2024 மார்ச்சில், நிறுத்தி வைத்தார்கள். வேறு இடங்களில் இதே முறை சத்தமில்லாமல் வேலை செய்கிறது. நல்லதா கெட்டதா என்று ஒற்றை வரியில் தீர்ப்புச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை; அந்தந்தச் சந்திப்பைப் பார்க்க வேண்டும்.

கிளாப்பம் காமன், பேட்டர்ஸி ரைஸ், வாண்ட்ஸ்வர்த் ஒருவழி வளையம். நெரிசலைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. அப்பர் ரிச்மண்ட் ரோட்டில் பட்னி ஹை ஸ்ட்ரீட் வந்து சேரும் சந்திப்பில்தான் நிற்க வேண்டும். குறுகலான கடைவீதி, இரண்டு பக்கமும் உயரக் கட்டடங்கள், புகை மேலே போக வழியில்லை. 2016-இல் ஆண்டின் பதினெட்டு மணி நேரமும் ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள்ளேயே தீர்ந்த இடம் இது. வாண்ட்ஸ்வர்த் கவுன்சிலின் கருவி மணிக்கு மணி கணக்குச் சொன்னது. ஆராய்ந்து பார்த்ததில் பெரும்பங்கு பஸ்களுடையது என்று தெரிந்தது. பஸ் டி.எஃப்.எல். கையில். கவுன்சில் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் நச்சரித்தது. 2017 மார்ச்சில் லண்டனின் முதல் குறைபுகை பஸ் மண்டலம் இந்தத் தெருவுக்கு வந்தது. சுத்தமான எஞ்சினுள்ள பஸ்களை மட்டும் ஓட்டினார்கள். 200-ஐத் தாண்டும் மணிநேரங்கள் சீக்கிரமே விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. இந்தச் சாலை நெடுக, அளந்தவருக்கும் மாற்றும் அதிகாரமுள்ளவருக்கும் நடுவில் பேச்சு நடந்து, பலன் கண்ணுக்குத் தெரிந்த இடம் என்று நான் காட்டுவது இதைத்தான்.

மேற்கே ஈஸ்ட் ஷீன். 337-ஆம் எண் பஸ் மரங்களுக்கு நடுவே ரிச்மண்டை நோக்கிப் போகும். மான்கள் மேயும் பூங்கா பக்கத்திலேயே இருந்தும், ரிச்மண்ட் கவுன்சில் 2000 டிசம்பர் கடைசியிலேயே தன் எல்லை முழுவதையும் மேலாண்மைப் பகுதியாக அறிவித்துவிட்டது. காரணம் தெரிய வேண்டுமானால் ஏ316 வந்து குறுக்கிடும் சாக்கர்ஸ் கார்னர் சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

கியூ தோட்டத்தை ஒட்டிப் போய், கியூ பாலத்தில் தேம்ஸைக் கடந்தால் ஹவுன்ஸ்லோ. சிஸ்விக் ரவுண்டானாவில் சாலை முடிகிறது. விளக்குக் கம்பக் குழாய்களில் பெரும்பாலானவை இப்போது 40-க்குக் கீழேதான் காட்டுகின்றன. இதற்குள் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் அளவை 10-க்கு இறக்கிவிட்டது. மின்சாரக் கார்கள் பெருகப் பெருகக் குழாயின் கணக்கு இன்னும் இறங்கும். ஆனால் பிரேக்கிலும் டயரிலும் தேய்ந்து பறக்கும் நுண்துகளை அந்தக் குழாய் பிடிக்காது. அதற்கு வேறு கருவி வேண்டும், வேறு பணம் வேண்டும். நுண்துகளுக்கு இங்கிலாந்து அரசு வைத்திருக்கும் இலக்கு 10 மைக்ரோகிராம், கெடு 2040. ரவுண்டானாவின் தலைக்கு மேலே தூண்களில் ஓடுகிறது எம்4. அது டி.எஃப்.எல்லுடையதுகூட இல்லை, நேஷனல் ஹைவேஸ் என்ற இன்னொரு நிறுவனத்தினுடையது. அதன் கீழே உள்ள காற்றையும் ஹவுன்ஸ்லோ கவுன்சில்தான் அளந்து, ஆண்டுதோறும் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறது.