19 நாளாக மூடாமல் கிடந்த பேரேடு

கம்ப்யூட்டர் துறையில் அப்படி என்னதான் வேலை பார்த்தீர்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. புரியும்படி சொல்ல 2014 ஏப்ரலில் நடந்த ஒன்று இருக்கிறது.

அப்போது நான் இருந்த நிறுவனத்தில் 800 சர்வர்கள். எதில் என்ன மென்பொருள் இருக்க வேண்டும், எந்த அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஆள் போய்ப் பார்க்க முடியாது. அதற்காக பப்பெட் என்ற மென்பொருளை வைத்திருந்தோம். ஒவ்வொரு சர்வரும் அரை மணிக்கு ஒரு தடவை தலைமைச் சர்வரிடம் வந்து தன் நிலவரத்தைச் சொல்லும். தான் எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியலை வாங்கிக்கொண்டு போகும். நாளொன்றுக்கு 48 தடவை. 800 சர்வருக்கும் சேர்த்தால் 38,400 வருகை. அத்தனையும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் பதிவாகும்.

அந்த மாதம் 7ஆம் தேதி 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் சில பதிப்புகள் ஓடும் சர்வரின் நினைவகத்திலிருந்து பாஸ்வேர்டையும் ரகசியச் சாவியையும் யாரோ வெளியாள் உருவிவிடலாம். எங்கள் 800இல் எவையெவை அந்தப் பதிப்பில் ஓடுகின்றன? அந்த விவரமும் பதிவாகும்படி முன்பே ஏற்பாடு செய்திருந்தோம். டேட்டாபேஸைக் கேட்டோம். பதில் வரவில்லை. சில வாரங்களாகவே அது மந்தமாகத்தான் இருந்தது. அன்று அடியோடு படுத்துவிட்டது.

பெரிய மெஷின் வாங்கலாம் என்றார்கள் மேலே. வாங்கலாம்தான், ஆனால் வந்து சேர மூன்று வாரம் ஆகும். குழுவிலேயே இளையவர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், டேட்டாபேஸுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு கனெக்‌ஷன் 19 நாளா உள்ளேயே உட்கார்ந்திருக்கு. ஒரு வேலையும் செய்யலை."

"யாரோடதும்மா?"

"நம்மளோடது இல்லை சார்."

போஸ்ட்கிரெஸ் பழைய காலத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி. எழுதியதை ரப்பர் வைத்து அழிக்காது. ஒரு வரி மாறினால் பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒரு வரி எழுதும். செத்த வரிகளைப் பெருக்கித் தள்ள 'வேக்குவம்' என்று ஒரு துப்புரவு வேலை தானாகவே நடக்கும். ஆனால் பழைய வரியை யாராவது இன்னும் பார்க்கக்கூடும் என்றால் துப்புரவு அதைத் தொடாது. வேறொரு பிரிவின் அறிக்கை புரோகிராம் ஒன்று, தான் உள்ளே வந்த நொடியின் கணக்கே கடைசிவரை தெரிய வேண்டும் என்று கேட்டுப் பேரேட்டைத் திறந்தது, மூடாமலே நின்றுவிட்டது. நாளுக்கு 38,400 வருகையின் குப்பையும் 19 நாள் அப்படியே சேர்ந்திருந்தது.

அந்தக் கனெக்‌ஷனைத் துண்டித்தோம். வேக்குவத்தைக் கையால் ஓட்டினோம். ஒரு மணி நேரம் கழித்து அதே கேள்வியைக் கேட்டபோது பட்டியல் சில நொடிகளில் வந்தது. விடியும்வரை உட்கார்ந்து பப்பெட் வழியாகவே ஓட்டையை அடைத்து, அந்தந்த சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓடவிட்டோம். ரகசியச் சாவிகளை அடுத்த நாட்களில் மாற்றினோம்.

மற்றதெல்லாம் பிறகு நிதானமாகச் செய்தது. 32 ஜிபி மெஷினில் போஸ்ட்கிரெஸ் தனக்கென்று வைத்திருந்த நினைவகம், ஆரம்பத்தில் வந்தபடி 128 எம்பிதான். அதை 8 ஜிபி ஆக்கினோம். அட்டவணையில் ஐந்தில் ஒரு பங்கு குப்பையானால்தான் துப்புரவு தொடங்கும் என்ற விதியைப் பெரிய அட்டவணைகளுக்கு மட்டும் குறைத்தோம். மின்சாரம் போய் வந்தால் எல்லாச் சர்வரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். கொஞ்சம் முன்பின்னாக வரும்படி செய்தோம். புது மெஷின் வாங்கும் கோப்பு அப்படியே நின்றுபோனது.

இப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதைக் குறித்த நேரத்தில் தானே வெளியேற்றும் வசதி போஸ்ட்கிரெஸில் 2016இல் வந்த 9.6 பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவும் நாம் நேரம் குறித்துக் கொடுத்தால்தான் வேலை செய்யும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால், குறித்து வைத்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.