ஏழு அடி அகலத்தில் இல்லறம்

இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாக்கிக் கொண்டவர்கள் அன்று போராடியது நகரும் உரிமைக்காக. இன்று போராடுவது ஓரிடத்தில் நிற்பதற்காக.

மனிதன் வேகமாக நடந்தால் இந்த வீட்டை முந்திவிடலாம். உச்ச வேகமே மணிக்கு 4 மைல்தான். அதைத் தாண்டினால் அலை கிளம்பிக் கரையை அரித்துவிடும். நேரோபோட் எனப்படும் இந்த ஒடுக்கமான படகின் நீளம் 70 அடிவரை போகும். ஆனால் அகலம் 7 அடிக்குச் சற்றுக் குறைவு. காரணம், 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் மத்திய இங்கிலாந்தில் கட்டிய லாக்குகளின் அகலம் 7 அடிதான்.

மேட்டையும் பள்ளத்தையும் படகு தாண்டுவது இந்த லாக்குகள் வழியாக. இரு முனையிலும் கதவுள்ள தொட்டி இது. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, நீரை நிரப்பினால் படகு உயரும்; வடித்தால் இறங்கும். ஒடுக்கமான கால்வாய்களில் பெரும்பாலான லாக்குகள் இன்றும் கையால்தான் இயங்குகின்றன. ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் இரும்புக் கைப்பிடியுடன் கரையில் இறங்கி மதகைத் திருக வேண்டும். கணவன் மனைவிக்குள் சண்டை இருந்தாலும் லாக் வந்தால் பேசித்தான் ஆகவேண்டும்.

உள்ளே சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உண்டு. ஆனால் ஒருவர் நடந்துவந்தால் மற்றவர் ஒதுங்க வேண்டும். குளிருக்கு நிலக்கரி அடுப்பு, மின்சாரத்துக்குக் கூரைமேல் சோலார் தகடு. தண்ணீர்த் தொட்டியைக் கரையோரக் குழாயில் நிரப்பிக்கொள்ள வேண்டும். கழிவுத் தொட்டியைத் தாங்களே சுமந்துபோய்க் கொட்ட வேண்டும்.

இந்தப் படகுகள் பிறந்தது சரக்கு சுமக்க. குதிரை இழுத்துப் போனது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் போட்டிக்கு வந்து கூலி இறங்கியதும், கரையில் வீட்டு வாடகை கொடுக்க முடியாத படகோட்டிகள் பெண்டாட்டி பிள்ளைகளைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். முன்னால் சரக்கு, பின்னால் பத்தடி அறையில் மொத்தக் குடும்பம். அந்த அறைகளில் தீட்டிய ரோஜாப்பூக்களும் கோட்டைகளும் இன்று சுற்றுலாக்காரர்களைக் கவர்கின்றன. தீட்டியவர்களுக்கோ அது வறுமையை மறைத்த அலங்காரம்.

விரும்பிப் படகில் குடியேறியவர்கள் டாம் ரோல்ட்டும் ஏஞ்சலாவும். ரோல்ட் ஒரு பொறியாளர். 'கிரெஸ்ஸி' என்ற பழைய சரக்குப் படகைக் குளியல் தொட்டி உட்பட வீடாக மாற்றினார். 1939 ஜூலையில் திருமணம்; அதே மாதம் பான்பரி நகரிலிருந்து படகு புறப்பட்டது. சில வாரங்களில் உலகப் போர் மூண்டது. பிறகு 30 லாக்குகள் வரிசையாக நிற்கும் டார்டிபிக்கில் கிரெஸ்ஸி ஐந்தாண்டுகள் நின்றது. அழிந்துகொண்டிருந்த கால்வாய் வாழ்க்கையைப் பற்றி ரோல்ட் எழுதிய 'நேரோ போட்' 1944இல் வெளிவந்தது. அதைப் படித்துவிட்டுத் தேடி வந்தவர் ராபர்ட் ஐக்மன். 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது.

சங்கத்தின் முதல் பெரிய மோதல் ஒரு பாலத்தோடு. பர்மிங்ஹாம் அருகே ஸ்ட்ராட்போர்டு கால்வாயின் குறுக்கே தாழ்வான பாலம் ஒன்று வழியை அடைத்து நின்றது. ஆனால் அங்கே படகு செல்லும் சட்ட உரிமை ரத்தாகவில்லை. கால்வாய்க்குச் சொந்தக்கார ரயில்வே கம்பெனி, முன்கூட்டித் தெரிவித்தால் பாலத்தைத் தூக்கித் தருவதாகச் சொல்லியிருந்தது. எவரும் வரமாட்டார்கள் என்ற தைரியம். ரோல்ட் தெரிவித்தார். 1947 மே மாதம் ஜாக்கிகள் வைத்துப் பாலத்தைத் தூக்கினார்கள். கிரெஸ்ஸி கடந்துபோனது. அந்தக் கால்வாயின் தென்பகுதி சீரமைக்கப்பட்டு 1964இல் மீண்டும் திறக்கப்பட்டது.

படகு வென்றது, இல்லறம் வெல்லவில்லை. 1951இல் சங்கம் ரோல்ட்டை வெளியேற்றியது. அதே ஆண்டில் ஏஞ்சலா பிரிந்து சர்க்கஸ் கம்பெனியில் சேர்ந்தார். ரோல்ட்டின் படகு வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது.

அவர்கள் காப்பாற்றிய கால்வாய்களில் இன்று நெரிசல். 2012 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 3,200 கிலோமீட்டர் நீர்வழிகளைப் பராமரிக்கிறது கால்வாய், நதி அறக்கட்டளை. அதன் நீர்வழிகளில் சுமார் 35,000 படகுகள். பலருக்கு அது விடுமுறை விளையாட்டு. வாடகை உயர்ந்த லண்டன் போன்ற நகரங்களிலோ, படகுதான் பலரது கைக்கெட்டும் வீடு.

இங்கேதான் சிக்கல். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிரந்தரத் துறை இல்லாத படகு நியாயமான காரணமின்றி ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கக் கூடாது. தொடர்ந்து பயணத்தில் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற தம்பதிக்கு அது உல்லாசம். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் தம்பதிக்கு இரண்டு வாரத்துக்கொரு முறை வீடு மாறும் தண்டனை. 2024 ஏப்ரல் முதல் இத்தகைய படகுகளுக்குக் கூடுதல் கட்டணமும் விதிக்கப்பட்டது. அறக்கட்டளைக்கும் நெருக்கடி உண்டு. இருநூறு வயதான லாக்குகளையும் கரைகளையும் காக்கப் பணம் வேண்டும். அரசோ 2027 முதல் மானியம் படிப்படியாகக் குறையும் என்று 2023இல் அறிவித்தது.

படகில் வாழ்பவர்கள் கேட்பது பெரிதல்ல: பள்ளிக்கூடமும் டாக்டரும் எட்டும் தூரத்தில் நிற்க ஒரு கரை. டார்டிபிக்கில் ஐந்தாண்டுகள் நிற்க முடிந்ததால்தான் ரோல்ட் தம்பதிக்கு அந்தப் படகு வீடாக இருந்தது. மிதக்கும் வீட்டுக்கும் கட்டிவைக்க ஒரு முளை வேண்டும்.