கோபம் இறங்கும் திசை

சித்திரை, திங்கட்கிழமை

சித்திரைக் கடைசியில் சின்னமனூர்க்காரர்கள் பேச்சுக்கு நடுவே அடிக்கடி வானத்தைப் பார்க்கிறார்கள். கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று கால் மணி நேரம் அடித்தால் போதும், தார் தள்ளி நிற்கும் வாழை வரிசை வரிசையாகச் சாய்ந்துவிடும். கன்று வைத்துப் பத்துப் பன்னிரண்டு மாதம் தண்ணீர் பாய்ச்சி, உரம் போட்டு, முட்டுக் கொடுத்து வளர்த்த மரம், வெட்டுக்குச் சில நாள் இருக்கும்போது தரையில் கிடக்கும். சின்னமனூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கு இது புதிய செய்தி இல்லை.

சேதத்தைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வருவார்கள். எத்தனை ஏக்கர், எத்தனை மரம் என்று எழுதிக்கொள்வார்கள். அன்று இரவு அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

செவ்வாய்க்கிழமை

விழுந்த தாருக்கு விலை பேச வரும் வியாபாரியிடம் தோட்டக்காரர் குரலை உயர்த்துவதில்லை. “கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்கண்ணே” என்று தணிந்துதான் கேட்பார். வட்டிக்குக் கொடுத்தவர் முன்னாலும் அதே தணிவு. வீட்டு வாசலைத் தாண்டியதும் குரல் மாறிவிடுகிறது. “குழம்புல உப்பு எங்கடி?” என்பதில் தொடங்கும் சத்தம் உப்போடு நிற்பதில்லை.

மனைவி பதில் பேசுவதில்லை. ஏலத் தோட்டத்து வேலைக்காக இந்தப் பள்ளத்தாக்கின் பெண்கள் இருட்டோடு எழுந்து, ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மலையேறிக் கேரளத்துக்குப் போகிறவர்கள். மறுநாள் கூலி போய்விடக் கூடாது என்று வாயை மூடிக்கொள்வார்கள். சொல்லாத அந்த வருத்தம் தலைவலியாக, தூக்கமின்மையாக, “நெஞ்சு படபடங்குது டாக்டர்” என்ற முறையீடாக ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும். மாத்திரை கிடைக்கும். காரணம் வீட்டிலேயே இருக்கும்.

வியாபாரியிடம் வந்த கோபம் மனைவி மீதும், மனைவி வழியாகப் பிள்ளைகள் மீதும் இறங்குகிறது. எதிர்த்துப் பேச முடியாதவர்களைத் தேடியே அது போகிறது. வள்ளுவர் வெகுளாமை என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 31-ஆவது. அதன் முதல் குறள், தன் கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அதை அடக்குகிறவரையே கோபத்தைக் காத்தவராக ஏற்கிறது. பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்டுவிடுகிறது. வியாபாரி முன் காட்டும் பொறுமை அந்தக் கணக்கில் சேராது. வீட்டுக்குள் காட்டும் பொறுமைதான் சேரும்.

வியாழக்கிழமை

“மனசுல வச்சுக்கிராத, கத்தித் தீத்துரு” என்று ஆறுதல் சொல்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராட் புஷ்மனும் அவருடைய சக ஆய்வாளரும் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, 2024-இல் வேறு முடிவைச் சொன்னார்கள். உடம்பைச் சூடேற்றும் செயல்கள் மொத்தத்தில் கோபத்தைத் தணிப்பதில்லை. ஓட்டம்கூடக் கோபத்தைக் கூட்டவே செய்கிறது. மூச்சை நிதானப்படுத்துவது, தியானம், யோகா என்று உடம்பைத் தணிக்கிறவைதான் பலன் தருகின்றன.

அப்படியானால் வாசலுக்கு வெளியே சற்று நேரம் உட்கார்ந்து, மூச்சை நீளமாக விட்டுவிட்டு உள்ளே போவது சின்ன விஷயம் இல்லை. அந்த நேரத்தில் இன்னொன்றும் செய்யலாம். உள்ளே கொதிப்பது என்னவென்று தனக்குத்தானே பெயர் சொல்லிப் பார்க்கலாம். கோபம் என்று நினைத்தது பல நேரம் பயமாக இருக்கும்: அடுத்த தவணையை எப்படிக் கட்டுவது என்ற பயம். சில நேரம் அவமானம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உணர்வைச் சொல்லால் குறிப்பிடும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் வேகம் குறைவது ஸ்கேனில் தெரிந்தது.

எழுதுவதும் உதவும். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வருத்திய நிகழ்வுகளை எழுத வைத்தார். எழுதி முடித்தபோது மனம் கனத்தது. அடுத்து வந்த மாதங்களில் மனத்தின் உணர்வையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. தமிழில் இதற்கு மூத்த சாட்சி உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். டூப்ளேயின் மனைவி தனக்கு எதிராகச் செய்த காரியங்களை நேரில் தட்டிக் கேட்க முடியாத இடத்தில் இருந்தவர் அவர். அந்த மனத்தாங்கலுக்கு நாட்குறிப்பில் இடம் கொடுத்தார்.

சனிக்கிழமை

சின்னமனூருக்குப் பக்கத்தில் சுரபி நதிக்கரையில் குச்சனூர். சனீஸ்வரரே மூலவராக இருக்கும் கோயில். கடன், நோய், கல்யாணத் தடை, பிள்ளையின் போக்கு என்று ஏதாவது ஒரு பாரத்தோடு வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எள் விளக்கு ஏற்றுகிறார்கள், காக்கைக்குச் சோறு வைக்கிறார்கள். “நேரம் சரியில்ல” என்று ஒருவர் சொன்னால் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர், “எங்களுக்கும் ஏழரை ஓடுதுங்க” என்பார். வெளியில் வாய் திறக்காதவர்கள் இங்கே திறக்கிறார்கள், அதில் வெட்கமும் இல்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் தீச்சட்டி எடுக்கும் பெண்கள் ஊர் பார்க்க அழுவதும் இப்படித்தான். தனியாக அழுது தீராதது கூட்டத்தில் கொஞ்சம் இறங்குகிறது.

ஆனால் கோயில் வரிசையில் சொல்வது தெய்வத்துக்கு. அதே சொல்லை வீட்டுக்குள் சொல்லப் பழக வேண்டும். “இன்னைக்கு மனசு சரியில்ல, தார் எல்லாம் போச்சு, என்ன செய்றதுன்னு தெரியல” என்று மனைவியிடம் சொல்வதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் நம் ஆண்கள் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். இந்த நினைப்பு மாறாமல் மூச்சுப் பயிற்சியால் மட்டும் வீடு தேறாது.

ஞாயிற்றுக்கிழமை

பேசியும் தீராத வருத்தம் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல், இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. கோபம் கை நீட்டும் அளவுக்குப் போன வீட்டில் பொறுத்துப்போக வேண்டியதில்லை. பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டு எண்களையும் அரிசிப் பானைக்கு மேலே சுவரில் எழுதி வையுங்கள்.