வால் எண்ணிய துரைமார்

கட்டுக்கலை,
கண்டி.

அன்புச் சரசு,

முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து, தடியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாய் என்று கேள்வி. படி ஏறுகிற சாகசம் ஒன்றும் இப்போதைக்கு வேண்டாம். இனிப் புதினத்துக்கு வருவோம். போனில் சொல்லியிருப்பேன்; ஆனால் நீ எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறவள், உன் மருமகளோ பவளக்காவுக்குக் கிட்டிய சொந்தம். கடுதாசிதான் பத்திரம்.

பவளக்காவின் மகன் மெல்பேணிலிருந்து லீவில் வந்து நின்றான். முற்றத்தில் கோழி உரிக்கிறதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சோறு வேண்டாம் என்று அழுத பொடியன், அவனேதான். இப்போது பாதி வழுக்கை, கணக்காளர் உத்தியோகம். அவனும் மூன்று சிநேகிதர்களும் தென்னாபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறார்களாம். நாங்கள் யாலையில் ஜீப்புக்குள் இருந்து சிறுத்தை பார்க்கிற மாதிரியான பயணம் இல்லை. துவக்கோடு போகிற பயணம். அங்கே ஒவ்வொரு மிருகத்துக்கும் விலை போட்ட பட்டியல் உண்டு. போனைத் திறந்து காட்டினான். "இம்பாலா மலிவு, மாமி. எருமைதான் கையைக் கடிக்கும்" என்று, பிடவைக் கடையில் சேலை விலை சொல்வதுபோல் சொல்கிறான். சுட்ட பிறகு படமும் வீடியோவும் எடுத்துத்தர ஆள் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு.

பவளக்கா அயலுக்கெல்லாம் "மகன் ஆபிரிக்கா சுத்திப் பார்க்கப் போறான்" என்று சொல்லி வைத்திருக்கிறா. வெள்ளிக்கிழமை தவறாமல் செல்வ விநாயகரிடம் போகிற மனுஷி. பட்டியலில் யானையும் இருந்தது. மகனுக்கு அந்தளவு வசதி காணாது என்பதில்தான் அவவின் நிம்மதி.

பொடியன் மடையன் இல்லை, நியாயம் கதைக்கிறான். கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்துவிட்டது. நமீபியாவில் அப்படியில்லை, ஊர்ச்சனங்களே சேர்ந்து நடத்துகிற காடுகளில் வேட்டைக்காசும் இறைச்சியும் அவர்களுக்குப் போகிறது, அதனால் அவர்கள் மிருகங்களைக் காக்கிறார்கள் என்றான். அதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. "அப்ப தென்னாபிரிக்காவிலே கம்பி வேலிக்குள்ளே குட்டியிலிருந்து வளர்த்துச் சுடக் குடுக்கிற சிங்கம்?" என்று கேட்டேன். "அது வேற ஆக்கள் மாமி" என்றான். எப்போதும் வேற ஆக்கள்தான்.

சரி, இவனுக்கு எங்கள் ஊர் வேட்டைக்காரரைக் காட்டுவோம் என்று சேமக்காலைக்குக் கூட்டிப்போனேன். தலதா மாளிகைக்குப் பின்னால், மியூசியம் தாண்டி ஒரு சின்னப் பாதை ஏறுகிறதே, அந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துச் சேமக்காலை. கண்டியில் இருபது வருடம் இருந்தும் நீ ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை, எனக்குத் தெரியும். நல்ல துப்புரவாக வைத்திருக்கிறார்கள், புல்லெல்லாம் வெட்டி. கண்டியை வெள்ளைக்காரர் கையில் குடுத்த 1815 ஒப்பந்தத்தை எழுதிய ஜோன் டொயிலி அங்கேதான் கிடக்கிறார். வீடு இடிந்து விழுந்து செத்த ஒருவர் இருக்கிறார், குதிரையை விட்டு இறங்குகிறபோது நிலத்தில் நட்டிருந்த கட்டையில் குத்துப்பட்டுச் செத்த ஒருவர் இருக்கிறார். அவர்கள் நடுவே ஜோன் ஸ்பொட்டிஸ்வுட் ரொபேட்சன், 1856. காட்டு யானை மிதித்துச் செத்தவர். இலங்கையில் யானையால் செத்ததாகப் பதிவான ஐரோப்பியர்களில் இவர் ஏழாவது ஆள், கடைசி ஆளும் இவரே என்று சொல்வார்கள்.

ஏழு பேர்! இனி மற்றப் பக்கத்துக் கணக்கைக் கேள். பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற ஒருத்தர் மட்டும் 1,400 யானை வரை சுட்டதாக எமர்சன் டெனன்ட் என்ற துரை 1859-இல் வெளியான தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். கால்வே என்ற கப்டன் 700-க்கு மேல். எங்கள் மலைநாட்டு றோட்டெல்லாம் போட்ட ஸ்கின்னரும் கிட்டத்தட்ட அவ்வளவு. தலைக்கு இத்தனை ஷில்லிங் என்று அரசாங்கமே கூலி குடுத்தது. 1848-க்கு முன் மூன்று வருடம் முடியவில்லை, வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். 1851-க்கும் 1856-க்கும் இடையில் தென்மாகாணத்தில் 2,000. கண்டி ராசா காலத்தில் யானை ராசாவின் சொத்து, கொன்றவனுக்கு மரண தண்டனை. இராச்சியம் விழுந்து ஒரு தலைமுறை போகவில்லை, அதே யானையைக் கொன்றால் சம்பளம்! கோப்பிக்குக் காடு வெட்ட வேண்டும், யானை தோட்டத்தை மிதிக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். மன்னாரில் இறங்கித் தம்புள்ளை, மாத்தளை என்று அதே காட்டுக்குள்ளால் அந்தக் கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு நடந்து வந்த எங்கள் சனத்தில் எத்தனை பேர் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலே விழுந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை.

இதில் எனக்குப் பிடிபடாத ஒன்று இருந்தது, பிறகுதான் விளங்கிற்று. ஆபிரிக்காவில் யானை சுட்டவனுக்குத் தந்தம் கிடைத்தது. இலங்கை யானைக்கு அனேகமாகத் தந்தமே கிடையாது. நூற்றில் ஒன்றுக்குக்கூட இல்லை என்கிறார் டெனன்ட். ரொஜர்ஸின் பதுளை வீட்டுக்குப் போன ஒரு ஜெர்மன் வைத்தியர் விறாந்தை முழுக்கத் தந்தம் கண்டிருக்கிறார், ஆனாலும் அத்தனை யானையில் தந்தமுள்ளவை அறுபது சொச்சம்தான். மற்றதெல்லாம் கிடந்த இடத்திலே அழுகிப்போனவை. அப்போ துரைமார் எதைக் கொண்டுபோய்க் காட்டுவார்கள்? வாலை! யானை விழுந்ததும் வாலை அறுத்து எடுப்பது வழக்கம். சிநேகிதர் கூட்டத்தில் யார் எத்தனை வால் என்று எண்ணுவார்கள். பிறகு அதை வைத்துக் கதை சொல்வார்கள். வேட்டையில் பாதி, கதை கேட்க ஆள் இருக்கிறதில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தனியே போய்ச் சுட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தவன் ஒருத்தனையும் நான் வாசித்ததில்லை.

ரொஜர்ஸின் முடிவு உனக்குத் தெரியுமோ? 1845 யூன் 7, அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் புதைத்தார்கள். கல்லறைக் கல்லும் வெடித்துக் கிடக்கிறது. அதற்கும் இடி விழுந்தது, யானைப் பாவம் விடவில்லை என்று மலையில் சொல்லாத ஆள் இல்லை. கல் வெடித்தது நிசம், மற்றது உன் இஷ்டம்.

இனி விடுப்பின் நல்ல பகுதி. சாமுவேல் பேக்கர் என்று கேள்விப்பட்டிருப்பாய், ஹோட்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பேரில்தான். 1848-இல் நுவரெலியாவில் குடியேறி, இங்கிலாந்திலிருந்து மாடு, ஆடு, வேட்டை நாய், கொல்லன் என்று கப்பலில் இறக்கி ஒரு சின்ன இங்கிலாந்தையே நட்டவர். அவரும் தம்பி வலன்டைனும் இரண்டு சிநேகிதரும் சேர்ந்து ஒருமுறை மூன்று கிழமை வேட்டைக்குப் போய் ஐம்பது யானை, ஐந்து மான், இரண்டு எருமை விழுத்தினார்கள். ஆளுக்கு எத்தனை என்று தன் புத்தகத்தில் கணக்குப் பிரித்து எழுதியிருக்கிறார், பங்குக் கடைக் கொப்பியே தோற்றுப்போகும். அந்தக் காலத்துத் துவக்கில் ஒரு வெடி வைத்தால் திரும்ப மருந்து இடிக்க நேரமெடுக்கும். ஆகவே துரைக்குப் பின்னால் நிறைத்த துவக்குகளோடு எங்கள் நாட்டு ஆட்கள் நிற்க வேண்டும். யானை பாய்ந்து வரும்போது ஓடாமல் நின்று அடுத்த துவக்கைக் கையில் குடுக்கிறவன் அவன்தான். அவன் கையில் இருக்கிற நிறைத்த துவக்கால் அவன் சுடக்கூடாது! ஓடினால் கோழை என்று புத்தகத்தில் வரும். நின்றால் பேர் வராது.

பேக்கர் பிறகு ஆபிரிக்காவுக்குப் போனார், 1864-இல் அல்பேட் ஏரியைக் கண்டார், "சேர்" பட்டம் வாங்கினார். பக்கத்தில் மனைவி புளோரன்ஸ். அந்த அம்மாவை அவர் கண்டது 1859-இல், தன்யூப் நதிக்கரையில் விடின் என்ற ஊரில், அடிமைச் சந்தையில்! அங்கிருந்து கூட்டிக்கொண்டு போனவர். ஆபிரிக்கக் காடு முழுக்கக் கூட நடந்தவ, காய்ச்சலில் சாகக்கிடந்து தப்பினவ. புருஷனுக்குப் பட்டம் குடுத்த விக்டோரியா மகாராணி அவவை மட்டும் கடைசிவரை மாளிகைக்குள் எடுக்கவில்லை. கலியாணத்துக்கு முன்னே ஒன்றாய்த் திரிந்தவர்களாம். எங்கள் கட்டுக்கலை மாமிமார் மோசம் என்கிறாயே.

தம்பி வலன்டைன் இன்னும் மேலே. பெரிய கேணல். 1875-இல் ரயில் பெட்டிக்குள் தனியே வந்த இளம்பெண்ணிடம் சேட்டை விட்டு, ஒரு வருடச் சிறை, 500 பவுண் தண்டம், பட்டாளத்திலிருந்தும் கழுத்தைப் பிடித்து வெளியே. யானைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தியவர், பார்த்தாயா. அவருக்கு நெருங்கிய சிநேகிதர் வேல்ஸ் இளவரசர். அந்த இளவரசரே அதே வருடம் டிசம்பரில் கண்டிக்கு வந்து, தந்ததாதுவைக் கும்பிட்ட கூட்டத்தையும் யானை ஊர்வலத்தையும் பார்த்துவிட்டு, றுவன்வெல்லைப் பக்கம் யானை வேட்டைக்குப் போனார். காடு வளைக்க ஊர்ச்சனத்தைத் திரட்டி, யானையைத் துரத்தி முன்னால் கொண்டுவந்து விட்டார்கள். இளவரசர் சுட்டார், வாலை அறுத்தார். திரும்புகிற வழியில் வண்டி குடைசாய்ந்து அவர் அடியில் போனார். ஒரு கீறலும் இல்லை. 1893-இல் வந்த ஒஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினாண்டும் கலாவெவப் பக்கம் யானைக்கு அலைந்தார். அவரை 1914-இல் சரயேவோவில் சுட்டதால்தான் உலக யுத்தம் வந்தது.

அதே யுத்தத்தில் இன்னொரு கூத்து. போவர் யுத்தக் கைதியாகத் தென்னாபிரிக்காவிலிருந்து தியத்தலாவை முகாமுக்கு வந்த எங்கல்பிரெக்ட் என்பவர், இங்கிலாந்து ராசாவுக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மாட்டேன் என்று இங்கேயே நின்றுவிட்டார். யாலைக் காட்டுக்கு முதல் காவலதிகாரி அவர்தான். ஜெர்மன் கப்பல் எம்டனுக்கு இறைச்சி குடுத்தார் என்று பழி போட்டுக் கண்டியில் சிறை வைத்தார்கள். ஆபிரிக்காக்காரன் வந்து எங்கள் மிருகத்தைக் காத்தான், எங்கள் பொடியன் போய் அவர்களுடையதைச் சுடப்போகிறான் என்று நான் சொன்னதும் பவளக்கா மகன் சிரித்தான். கொஞ்சம் கோணல் சிரிப்பு.

சேமக்காலையிலிருந்து திரும்பும்போது அவனை ராஜாவிடமும் கூட்டிப்போனேன். உனக்கு ராஜாவை ஞாபகம் இருக்குமே, பெரகராவில் பேழை சுமந்து போன பெரிய கொம்பன். 1988-இல் செத்ததும் நாடே துக்கம் கொண்டாடியது. பாடம் பண்ணி மாளிகை வளவுக்குள் வைத்திருக்கிறார்கள். அது எங்கே பிடிபட்டது தெரியுமோ? ஏறாவூர்க் காட்டில். பிடித்தவர்கள் எங்கள் பாஷை பேசுகிற முஸ்லிம் பணிக்கர்மார். தோல் வாரில் முறுக்கின கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, காட்டு யானையின் பின்னால் பதுங்கிப்போய்ப் பின்னங்காலில் சுருக்குப் போட்டு, மரத்தில் சுற்றுகிறவர்கள். துவக்கு இல்லை. டெனன்டே அவர்கள் துணிச்சலைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறார். அவனிடம் சொன்னேன்: "துணிச்சல் எண்டால் இது, தம்பி. நீ காசு கட்டிறது துணிச்சலுக்கில்லை, படத்துக்கு." அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஐஸ்கிறீம் வேண்டாம் என்றுவிட்டான்.

போகட்டும். இங்கே மட்டும் என்ன வாழுகிறது? ஹசலக்கை, மினிப்பேப் பக்கம் யானை வயலுக்குள் இறங்குகிறது. பூசணிக்காய்க்குள் வெடி வைத்து வாயைச் சிதறடிக்கிறார்கள், ஹக்க பட்டாஸ் என்று பேர். 2023-இல் நாடு முழுக்க 400-க்கு மேல் யானை செத்தது. மனிதரும் சாகிறார்கள், நெல்லைப் பறிகொடுத்தவன் வயிறெரிவதில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. அவனிடம் எருமைக்குக் கட்டுகிற காசில் ஒரு பங்கு இருந்தால் மின்வேலி போட்டிருப்பான். அவன் வாலும் எண்ணுவதில்லை, படமும் எடுப்பதில்லை.

பொடியன் போன வியாழன் பயணம் ஏறிவிட்டான். ஆபிரிக்கா போகிற எண்ணம் அப்படியேதான். பவளக்கா அவன் நல்லபடி திரும்பினால் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் என்று நேர்ந்திருக்கிறா. எருமைக்கு யார் நேர்வது என்று நான் கேட்டதிலிருந்து என்னோடு கதை குறைவு.

கடைசியாக ஒன்று, ஒளிக்காமல் எழுது. பேராதனை வீதியில் உங்கள் வீட்டு விறாந்தையில் குடை வைக்க ஒரு யானைக்கால் இருந்ததே, துரை சீமைக்குப் போகிறபோது தோட்டத்து ஏலத்தில் உன் அப்பப்பா எடுத்தது என்று சொல்வீர்கள். வீடு விற்கிறபோது அது எங்கே போனது? உன் அண்ணி இரவோடிரவாகக் கொழும்புக்கு ஏற்றி, ஒரு ஹோட்டல்காரனுக்கு நல்ல விலைக்குக் குடுத்துவிட்டா என்று இங்கே கதை. பங்கு உனக்கு வந்ததா இல்லையா?

உன் பிரியமுள்ள,
இராசாத்தி