குடியிருப்புக் கொல்லையில் மக்காச்சோளம்

மாற்றலுக்கு உட்பட்ட உத்தியோகத்தில் இருப்போர் மரம் வைப்பதில்லை. தென்னை காய்ப்பதற்குள் எந்த ஊரில் இருப்போமோ, மா பூப்பதற்குள் இவ்வீட்டில் யார் குடியிருப்பாரோ என்னும் எண்ணம் மண்வெட்டியைக் கையில் எடுக்க விடுவதில்லை. ஆகவே வடநாட்டு ரெயில்வே குடியிருப்புகளில் நம்மவர் வீட்டுக் கொல்லைகள் பல வெறுந்தரையாகவே கிடக்கின்றன. ஒரு துளசிச் செடியும், தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றுமே அங்குள்ள பசுமை. கறிவேப்பிலையைத் தொட்டியில் வைப்பதற்கும் காரணம் அதுதான். போகும்போது எடுத்துச் செல்லலாம் அல்லவா?

இத்தகைய வீடுகளுக்கு ஏற்ற பயிர் மக்காச்சோளம். விதைத்த எண்பது, தொண்ணூறு நாட்களில் இளங்கதிர் கைக்கு வந்துவிடும். மெக்சிகோ நாட்டில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர் உருவாக்கிய தானியம் இது. கடல் கடந்து வந்து, இன்று இந்நாட்டு உழவரின் சொந்தப் பயிராகிவிட்டது. குடிபெயர்ந்தோர் என்ற முறையில் அதற்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு எனலாம்.

மாளவ நாட்டில், இரத்லாம் நகரத்துக் குடியிருப்பில், நாங்கள் ஐந்து பருவங்களாக இதைப் பயிரிட்டு வருகிறோம். இங்குள்ளது கோவில்பட்டிச் சீமையை நினைவூட்டும் கரிசல் மண். ஜூன் மாதப் பின்பாதியில் மழை தொடங்கியதும் விதைக்கிறோம். கரிசலில் நீர் தேங்கும். மக்காச்சோளத்தின் வேரோ நீரில் இரண்டு நாள் நின்றாலும் மூச்சுத் திணறும். எனவே மண்ணைக் கொத்தி, மட்கிய சாணி எரு இரண்டு கூடை கலந்து, முக்கால் அடி உயரத்திற்குக் கரை அணைத்து, அக்கரையின்மேல் விதையை ஊன்றுதல் நன்று. ஆழம் ஒன்றரை அங்குலம் போதும். ஒரு வாரத்தில் முளை தெரியும்.

இனி முக்கியமான செய்தி ஒன்று. வேலியோரமாக ஒரே வரிசையில் இருபது விதைகளை ஊன்றி, செடிகள் ஆளுயரம் வளர்ந்தும் கதிரில் பாதிப் பல் விழுந்தாற்போல் மணிகள் இல்லாததைக் கண்டு, விதையைக் குறை கூறுவோர் பலர். குறை விதையில் இல்லை. செடியின் உச்சியில் விரியும் கொத்து ஆண் பூ. கதிரின் நுனியில் தொங்கும் பட்டு இழைகளே பெண் பூவின் பகுதி. ஒவ்வோர் இழையும் உள்ளேயுள்ள ஒரே ஒரு மணிக்கு உரியது. எந்த இழையில் மகரந்தம் படவில்லையோ அந்த மணி உருவாகாது. வண்டையும் தேனீயையும் நம்பி வாழும் பூ அன்று இது. மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது காற்றுதான். ஒற்றை வரிசையில் அது பக்கவாட்டில் பறந்து வீணாகும். அதே இருபது விதைகளை இரண்டடி இடைவெளியுள்ள நான்கு வரிசைகளாக, செடிக்குச் செடி முக்கால் அடி விட்டு, சதுரமாக நட்டால் ஒன்றின் தூள் மற்றொன்றின்மேல் விழும். காலை வேளையில் உச்சிக் கொத்தை மெல்ல உலுக்கிவிடுவதும் பயன் தரும்.

ஆனால் நம் கொல்லைகளோ குறுகியவை. நான்கு வரிசைக்கு எங்கே போவது? அடுத்த வீட்டு மாளவக் குடும்பத்து மூதாட்டியை நாங்கள் ‘மாஜி’ என்று அழைப்போம். வழி சொன்னவர் அவர்தாம். அவர் பக்கம் இரண்டு வரிசை, எங்கள் பக்கம் இரண்டு வரிசை, நடுவே கம்பிவேலி. காற்றுக்கு வேலி ஏது? ஒரே நாளில் விதைக்க வேண்டும், ஒரே விதையை விதைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. நாள் மாறினால் பூக்கும் காலம் பொருந்தாது. ஒரு பக்கம் இனிப்புச் சோளமும் மறுபக்கம் சாதாரண வகையும் நட்டால், மகரந்தம் கலந்து இனிப்புச் சோளத்தின் மணிகள் மாவுத்தன்மை அடையும். மூன்றாண்டுகளாகப் பக்கத்திலேயே இருந்தும் வணக்கத்திற்கு மேல் பேசாதிருந்த இரு வீட்டாரும் அந்த ஜூன் மாதத்தில்தான் விதைக்காக ஒன்றாகக் கடைக்குச் சென்றோம்.

முழங்கால் உயரம் வந்ததும் செடிக்கு அரைத் தேக்கரண்டி யூரியா, தண்டிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி இட்டு, மண் அணைக்க வேண்டும். பூக்கொத்து தோன்றுமுன் மறுமுறை அவ்வாறே செய்யலாம். அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. ஊதா நிறம் ஏறினால் மணிச்சத்துக் குறைவு. இலை பேசும் மொழியை அறிந்தால் வைத்தியம் எளிது.

2018ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட அமெரிக்கப் படைப்புழு இன்று எங்கும் பரவியுள்ளது. தலையில் தலைகீழான ஆங்கில ‘ஒய்’ எழுத்துப் போன்ற கோடு இருப்பின் அதுவே. குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் தெரிந்தவுடன் புழுவைக் கையால் எடுத்துவிட்டு, ஒன்பது பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் சிறிது இட வேண்டும். குழந்தைகள் காலையில் பள்ளிக்குச் செல்லுமுன் இதைப் பார்த்துவிடுவார்கள். கிளிகளுக்குக் கதிரைக் காகிதத்தால் சுற்றிக் கட்டுதல் போதும்.

பட்டு இழை வெளிவந்த இருபதாம் நாளளவில் அது பழுப்பாகும். ஒரு மணியை நகத்தால் கீறிப் பாருங்கள். பால் வந்தால் பறிக்கலாம். பறித்தபின் இனிப்பு மணிக்கு மணி குறையும். ஆகவே அடுப்பில் நீர் கொதித்த பிறகு பறிப்பவரே புத்திசாலி. மாஜி இளங்கதிரைத் துருவிப் பாலில் வேகவைத்து ‘புட்டே கா கீஸ்’ செய்வார். எங்கள் வீட்டில் அதே துருவலை அரிசிமாவுடன் சேர்த்து அடை வார்ப்போம். வேலிக்கு மேலே இரு தட்டுகளும் இடம் மாறும்.

விதைத்தவர் உண்ணாமற்போவதும் உண்டு. சென்ற ஆகஸ்டில் எங்கள் வரிசையிலுள்ள ஒரு தமிழ்க் குடும்பத்திற்குப் பயிர் பூத்திருந்த நேரத்தில் மாற்றல் வந்தது. அவ்வீட்டுச் சிறுமி செடிகளைப் பிடுங்கிவிடலாமா என்று அழுதவாறே கேட்டாள். தாயார் மறுத்து, வருபவர்க்கென நீர் பாய்ச்சும் பொறுப்பை எங்களிடம் விட்டுச் சென்றார். செப்டம்பரில் வந்து குடியேறிய பீகார்க் குடும்பத்தினர், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கதிரைச் சுட்டுத் தின்றனர். அதே மாதம் அச்சிறுமிக்கு அவர்கள் வீட்டுக் குழந்தை இந்தியில் எழுதிய கடிதத்தை நாங்கள்தாம் தபாலில் சேர்த்தோம்.

அன்பர்கள் வரும் மழைக்காலத்தில் முயன்று பார்க்க வேண்டுகிறோம். விதை வாங்குமுன் அடுத்த வீட்டாரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.