பூச்சி போன பிறகும்...

குழந்தை சரியாகச் சாப்பிடாவிட்டால் பூச்சி. பெரியவர்களுக்கு வயிறு பொருமினால் அமீபியாசிஸ். நம் வீடுகளில் வயிற்றுக் கோளாறுக்கு இந்த இரண்டு பெயர்கள்தான் வழக்கம். மூன்றாவதாக ஒன்று இருப்பது எனக்குத் தெரிய வந்தது 2015 வெள்ளத்துக்குப் பிறகு.

அந்த டிசம்பர் 1-ந் தேதி ராத்திரி அடையாறு பெருக்கெடுத்ததில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். சாக்கடையும் சம்ப்பும் ஒன்றாகிவிட்டன. தண்ணீர் வடிந்ததும் சம்ப்பை இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். இரண்டு வாரம் கழித்து எனக்கு வயிற்றுப் போக்கு ஆரம்பித்தது. நாற்றமும் பிசுபிசுப்புமாக, கூடவே ஒரே வாயு. மூன்று நாள் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். இந்தக் கிருமி தினமும் வெளியே வராதாம். ஒரு நாள் பார்த்தால் தப்பிவிடுமாம். மூன்றாம் நாள் அகப்பட்டது. பெயர் ஜியார்டியா. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. மாத்திரை சாப்பிட்டேன், மறு பரிசோதனையில் ஒன்றுமில்லை.

ஆனால் வயிறு மட்டும் பழையபடி ஆகவில்லை. காலையில் நாலு தடவை போக வேண்டும். போனால் வலி குறையும், பதினோரு மணிக்கு மறுபடி பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் ஏறவே பயம். மயிலாப்பூரில் நாத்தனார் வீடு மாட வீதியிலேயே இருந்தும், அந்தப் பங்குனியில் அறுபத்து மூவர் பார்க்கப் போகவில்லை. கூட்டத்தின் நடுவில் அவசரமென்றால் எங்கே ஓடுவது? இதை வெளியே சொல்லவும் கூச்சம்.

"இன்னும் உள்ளே பூச்சி இருக்கும்மா, அதே மாத்திரையை இன்னொரு தரம் போட்டுடு" என்றார் மாமியார். தி.நகரில் நான் பார்த்த டாக்டரம்மா வேண்டாமென்று விட்டார். "பூச்சி போயிடுச்சும்மா. அது புண்படுத்தின குடல்தான் இன்னும் பயந்துகிட்டு இருக்கு. இல்லாத பூச்சிக்கு மாத்திரை போட்டா நல்ல கிருமிகள்தான் சாகும்." இதற்கு இரிடபிள் பவல் சிண்ட்ரோம், சுருக்கமாக ஐ.பி.எஸ். என்று பெயராம்.

நார்வேயில் பெர்கன் நகரத்தில் 2004-ல் குடிநீரில் இதே ஜியார்டியா கலந்து ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள். மூன்று வருஷம் கழித்து விசாரித்தபோது, நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 46 பேருக்கு ஐ.பி.எஸ். இருந்தது, நோய் வராதவர்களில் 14 பேருக்குத்தான். பத்து வருஷத்துக்குப் பிறகும் 43 பேருக்கு! இதைக் கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. "எல்லாம் உன் மனசுதான்" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் பாலை நிறுத்தினேன். ஜியார்டியா வந்து போன குடலுக்குப் பால் சில காலம் ஒத்துக்கொள்ளாதாம், மோர் தாங்கியது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். எனக்கு எதிரி வெங்காயம். சாம்பாரில் அது இல்லையென்று இவருக்கு ஒரு மாதம் முகம் தூக்கல்! ராத்திரி இசப்கோல் ஒரு ஸ்பூன்.

தண்ணீரையும் சும்மா சுட வைப்பதில்லை. தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்க விடுகிறேன். சாதாரண அளவு குளோரினுக்கு ஜியார்டியா எளிதில் சாகாது.

வயிற்றுத் தொல்லையெல்லாம் ஐ.பி.எஸ். என்று இருந்துவிடவும் கூடாது. மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவது, சோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் போக்கு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போய்விட வேண்டும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை வேறு கணக்கு. அது உருண்டைப் புழு, கொக்கிப் புழு போன்றவற்றுக்கு. குழந்தைகளுக்குத் தவறாமல் கொடுங்கள்; ஆனால் ஜியார்டியாவுக்கு அந்த ஒரு மாத்திரை போதாது.

இப்போது பஸ்ஸில் போகிறேன், கல்யாணங்களில் பந்தியில் உட்காருகிறேன். நவராத்திரிச் சுண்டல் மட்டும் இன்னும் ஒரு கைப்பிடியோடு சரி.